நகரம் அடித்தது வெள்ளி, அரசன் அடித்தது தங்கம்

நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. பழைய கிரேக்கர்கள் என்றாலே ஆந்தை போட்ட வெள்ளிக் காசுதானே, அப்படியிருக்க அவர்களுடைய தங்க நாணயத்தைப் ‘பேரரசின் அடையாளம்’ என்று எல்லோரும் எழுதுகிறார்களே, அது எப்படி என்பது ஒன்று. சங்கப் பாட்டில் யவனர் கொண்டுவந்த பொன் இந்தத் தங்கம்தானா என்பது இன்னொன்று. இரண்டாவதற்குப் பதில் சின்னது, அதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

முதல் கேள்வியில் உங்கள் சந்தேகம் சரியான இடத்தில்தான் இருக்கிறது. கிரேக்க நகரங்கள் பொதுவாக வெள்ளி அடித்தன. தங்கம் அடித்தவர்கள் அரசர்கள். ஒரு கிரேக்க நகரம் தங்கக் காசு அடித்தது என்று படித்தால் உடனே ‘ஆகா, எவ்வளவு செழிப்பு’ என்று நினைத்துவிடாதீர்கள், அநேகமாக அந்த ஊர் அப்போது சாகக் கிடந்திருக்கும். விதிவிலக்கு உண்டு. தார்தனெல்ஸ் ஜலசந்திக் கரையில் லாம்ப்சகஸ், கருங்கடல் பக்கம் பான்டிகாபேயம் மாதிரி சில ஊர்கள் நிதானமாகவே தங்கம் அடித்தன. ஆனால் பெரிய படம் இதுதான்: தங்கக் காசு புழங்குகிறது என்றால் எங்கேயோ ஒரு ராஜா, படைக்குச் சம்பளம் கொடுக்கிறான்.

கணக்குக்கு ஒரு வசதி சொல்லிவிடுகிறேன். இதில் வரும் தங்கக் காசுகள் பெரும்பாலும் 8 கிராமுக்கும் எட்டரை கிராமுக்கும் பக்கத்தில்தான் இருக்கும், அதாவது ஏறக்குறைய நம் ஊர் ஒரு பவுன். அதனால் ‘ஸ்டேட்டர்’, ‘டாரிக்’ என்று பெயர் வரும்போதெல்லாம் மனதில் ஒரு பவுன் காசை வைத்துக்கொண்டு படியுங்கள், போதும்.

இந்தக் கதையைத் தொடங்கியவர்கள் கிரேக்கர்களே இல்லை. இன்றைய துருக்கியின் மேற்கில் இருந்த லிடியாவில், சார்டிஸ் நகரத்துப் பக்கம் ஓடிய பாக்டோலஸ் ஆற்று மணலில் வெள்ளி கலந்த தங்கம் கிடைத்தது. முதல் காசுகள் அந்தக் கலப்பு உலோகத்தில்தான் வந்தன. கலப்பில் தங்கம் எவ்வளவு, வெள்ளி எவ்வளவு என்று கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது, நம் பத்தர் மாதிரி உரசிப் பார்க்க வேண்டும். உரைகல்லுக்குக் கிரேக்கர்கள் வைத்த பெயரே ‘லிடியக் கல்’தான். கி.மு. 6-ஆம் நூற்றாண்டின் நடுவில் அரசன் குரோசஸ் காலத்தில்தான் தங்கத்தையும் வெள்ளியையும் பிரித்து, சுத்தத் தங்கத்தில் ஒன்று, சுத்த வெள்ளியில் ஒன்று என்று தனித்தனிக் காசு வந்தது. சிங்கமும் காளையும் முகத்தோடு முகம் பார்க்கும் முத்திரை. அந்த முத்திரைக்கு அர்த்தம் ரொம்ப எளிது: இதன் மாற்றுக்கு அரசன் பொறுப்பு, நீ உரசிப் பார்க்க வேண்டாம்.

கி.மு. 546 வாக்கில் பாரசீகத்தின் சைரஸ் சார்டிஸைப் பிடித்தார். சிங்கமும் காளையும் போட்ட காசைப் பாரசீகர்கள் கொஞ்ச காலம் அப்படியே அடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அதே நூற்றாண்டின் கடைசியில் முதலாம் டரையஸ் காலத்தில் டாரிக் வந்தது. 8.4 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு, நல்ல மாற்றுத் தங்கம். ஒரு பக்கம் கிரீடம் வைத்த அரசன் கையில் வில்லோடு ஒரு முழங்காலை மடக்கி ஓடுகிற மாதிரியோ மண்டியிட்ட மாதிரியோ இருப்பான். இன்னொரு பக்கம் படமே கிடையாது, வெறும் ஒரு பள்ளம். பூவா தலையா போட்டால் தலை மட்டும்தான் உண்டு, பூ இல்லை. எழுத்தும் ஒன்றுகூட இல்லை. தேவைப்படவில்லை என்றுதான் நினைக்கிறேன், இது யார் பணம் என்பதில் அன்றைக்கு யாருக்கும் சந்தேகமே வந்திருக்காது.

அந்த வில்லாளிக் காசுதான் கிரேக்க அரசியலுக்குள் முதலில் புகுந்த ‘பேரரசுத் தங்கம்’. ஸ்பார்ட்டா அரசன் அகசிலாஸ் கி.மு. 396-இல் சிறிய ஆசியாவில், அதாவது இன்றைய துருக்கிப் பக்கம், இறங்கிப் பாரசீகத்தைக் குடைந்துகொண்டிருந்தபோது, பாரசீகத் தரப்பு படையை மட்டும் நம்பியிருக்கவில்லை, ரோட்ஸ் தீவுக்காரர் ஒருவர் கையில் தங்கத்தைக் கொடுத்து தீப்ஸ், கொரிந்து, ஆர்கோஸ் நகரத் தலைவர்களிடம் அனுப்பிவிட்டது. அங்கே ஸ்பார்ட்டாவுக்கு எதிராகப் போர் மூண்டது, அகசிலாஸ் 394-இல் ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. கிளம்பும்போது ‘வில்லாளிகள் சேர்ந்து என்னை ஆசியாவிலிருந்து துரத்திவிட்டார்கள்’ என்றானாம். எத்தனை வில்லாளிகள் என்பதில் இதை எழுதிவைத்த பிற்காலக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க்கே ஓரிடத்தில் பத்தாயிரம் என்கிறார், இன்னோரிடத்தில் முப்பதாயிரம் என்கிறார். எண்ணிக்கையை விடுங்கள், நகைச்சுவை எல்லோருக்கும் புரிந்தது, ஏனென்றால் அந்தக் காசு எல்லோருக்கும் தெரிந்த காசு.

கூலிப்படைக்கும் இதே காசுதான். கி.மு. 401-இல் இளைய சைரஸ் தன் அண்ணனிடமிருந்து ஆட்சியைப் பிடிக்கக் கிரேக்க வீரர்களைக் கூட்டிக்கொண்டு போனபோது, பாதி வழியில் அவர்கள் ‘இது நாங்கள் ஒப்புக்கொண்ட வேலை இல்லை’ என்று முரண்டு பிடித்தார்கள். மாதம் ஒரு டாரிக் என்றிருந்த சம்பளத்தை ஒன்றரையாக ஏற்றினார், நடந்தார்கள். கூடவே போன செனஃபோன் எழுதி வைத்திருக்கும் கணக்கு இது. மாதம் ஒன்றரைப் பவுனுக்கு ஒரு மனிதன் பாபிலோன் வரை நடப்பான் என்பது அன்றைய நிலவரம்.

இப்போது ஏதென்ஸுக்கு வாருங்கள், இங்கேதான் மறுபக்கம் தெரியும். ஏதென்ஸின் பலம் லாரியன் சுரங்கத்து வெள்ளி. அந்த ஆந்தைக் காசை வைத்துக் கப்பற்படை கட்டினார்கள், தீவுகளை அடக்கினார்கள், பார்த்தெனான் கட்டினார்கள். அவர்களிடம் தங்கம் இல்லாமல் இல்லை, ஆனால் அது காசாக இல்லை, சாமியாக இருந்தது. பார்த்தெனானுக்குள் நின்ற அதீனா சிலைமேல் மட்டும் 40 தாலந்து சுத்தத் தங்கம், தாலந்து ஒன்று ஏறக்குறைய 26 கிலோ, நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். ஏதென்ஸ் தலைவர் பெரிக்லிஸ், ஸ்பார்ட்டாவோடு நீண்ட போர் தொடங்கும்போதே ‘எல்லாம் கழற்றி எடுக்கிற மாதிரிதான் செய்து வைத்திருக்கிறோம், அவசரத்துக்கு எடுத்துக்கொள்ளலாம், பிறகு திருப்பி வைத்துவிட வேண்டும்’ என்று சபையில் சொன்னதாக, அந்தப் போரின் வரலாற்றை எழுதிய துசிடிடீஸ் சொல்கிறார். கோயில் நகையை அடகு வைப்பது பற்றி எந்த ஊரிலும் இதே பேச்சுதான் போலிருக்கிறது.

கி.மு. 413-இல் ஸ்பார்ட்டாக்காரர்கள் ஏதென்ஸுக்குப் பக்கத்தில் டெசிலியாவில் நிரந்தரமாகக் கோட்டை போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட அடிமைகள் தப்பி ஓடினார்கள், சுரங்க வேலை படுத்தது. வெள்ளி வரவு நின்றுபோக, 407-406 வாக்கில் ஏதென்ஸின் கோயில் குன்றான அக்ரோபோலிஸில் இருந்த தங்க வெற்றித் தேவதைச் சிலைகளை உருக்கிக் காசு அடித்தார்கள். ஏதென்ஸ் தன் பெயரில் கணிசமாகத் தங்கக் காசு அடித்தது முதன்முதலில் அப்போதுதான். வெற்றித் தேவதையை உருக்கித் தோல்விக்குச் செலவு செய்ததைப் பற்றி நான் தனியாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அதோடு நிற்கவில்லை, செம்புக்கு மேல் வெள்ளி முலாம் பூசிய காசும் வந்தது. 405-இல் நாடகமேடையில் அரிஸ்டோஃபனீஸ் இதை வைத்தே ஊரைக் கிண்டல் செய்தார்: பழைய நல்ல காசும் இருக்கிறது, புதுத் தங்கமும் இருக்கிறது, நாமோ நேற்று அடித்த மட்டச் செம்பைத்தான் கையில் வைத்திருக்கிறோம், தலைவர்களைத் தேர்ந்தெடுப்பதிலும் அப்படியே என்று. அடுத்த வருடம் ஏதென்ஸ் சரணடைந்தது.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விவரம் வேறொன்று. போர் முடிந்து சில வருடம் கழித்து எழுதிய கோயில் சொத்துப் பட்டியல்கள் கல்வெட்டாகக் கிடைத்திருக்கின்றன. கிண்ணம், மாலை, செருப்பு என்று போகும் அந்தப் பட்டியலில் ஒரு பெட்டியும் வருகிறது. தங்கக் காசு அடித்த அச்சுகளும் சிறு பட்டறைக் கற்களும் உள்ளே, பெட்டிக்கு மேலே அரசு முத்திரை. தூக்கிப் போடவும் இல்லை, மறுபடி பயன்படுத்தவும் இல்லை. வீட்டில் ஒரு கெட்ட காலத்தில் வாங்கிய சாமானைப் பரணில் ஏற்றி வைப்போமே, அந்த மாதிரி.

ஆக, மாசிடோனியாவின் பிலிப் வரும்வரை கிரேக்கத்தில் தங்கக் காசு என்றால் ஒன்று பாரசீக ராஜா, இல்லையென்றால் உருகிய சிலை. பிலிப்தான் அதை மாற்றினார். கி.மு. 356-இல் அவர் கிரெனிடெஸ் என்ற சுரங்க ஊரைப் பிடித்துத் தன் பெயரையே வைத்தார், பிலிப்பி. பைபிளில் பிலிப்பியர் நிருபம் என்று வருகிறதே, அதே ஊர். பங்காயோன் மலைப் பக்கத்துச் சுரங்கங்களில் அவர் வேலையை முடுக்கிவிட்டதில் வருடத்துக்கு ஆயிரம் தாலந்துக்கு மேல் வருமானம் வந்தது என்கிறார் பிற்கால வரலாற்றாசிரியர் டியோடோரஸ். அந்தத் தங்கம்தான் பிறகு ‘பிலிப்’ என்றே பெயர் பெற்ற ஸ்டேட்டர் காசாக வெளியே வந்தது, 8.6 கிராம், ஒரு பவுனுக்குக் கொஞ்சம் கூட.

அந்தக் காசைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். விட்டம் நம் பழைய ஒரு ரூபாய்க் காசைவிடச் சின்னது, ஆனால் தடிமன் அதிகம், ஓரம் வட்டமாக இருக்காது. கீழ் அச்சைப் பட்டறைக் கல்லில் பதித்து, மேலே தங்க வில்லையை வைத்து, மேல் அச்சைக் கையால் பிடித்துக்கொண்டு சம்மட்டியால் ஒரே போடு போட்டால் எப்படி வருமோ அப்படித்தான் வரும், அதனால் பல காசில் படம் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். தலைப்பக்கம் அப்பல்லோ, வலப்புறம் பார்த்த முகம், தலையில் இலை மாலை. பின்பக்கம் இரட்டைக் குதிரை பூட்டிய தேர், ஓட்டி முன்னால் சாய்ந்து குச்சியை நீட்டிக்கொண்டிருக்கிறான், குதிரையின் முன்னங்கால்கள் தரையில் இல்லை. அதற்கடியில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே ‘ஃபிலிப்பூ’ என்று கிரேக்க எழுத்து. ‘பிலிப்’ என்று பெயரைப் போடவில்லை, கவனியுங்கள், நம் ஆறாம் வேற்றுமை மாதிரி ‘பிலிப்புடையது’ என்று போட்டிருக்கிறார். ஏதென்ஸ் காசில் ஊரின் பெயர் இருக்கும். இங்கே ஒரு ஆளின் பெயர்.

தேர் எதற்கு? ஒலிம்பியாவில் தேர்ப்பந்தயத்தில் ஜெயித்ததைக் காசில் போட்டுக்கொண்டார் என்று புளூட்டார்க் சொல்கிறார். இது வெறும் விளையாட்டுப் பெருமை இல்லை. ஒலிம்பியாவில் கிரேக்கர்கள் மட்டும்தான் போட்டியிடலாம், மாசிடோனியர்களைப் பாதிக் காட்டுமிராண்டி என்று தெற்கே பேசிக்கொண்டிருந்த காலம் அது. அப்பல்லோவுக்கும் காரணம் சொல்கிறார்கள். பக்கத்து நாட்டுப் போசிஸ்காரர்கள் டெல்ஃபியில் இருந்த அப்பல்லோ கோயிலைப் பிடித்து, காணிக்கைகளை உருக்கிக் கூலிப்படைக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். குரோசஸ் எப்போதோ காணிக்கையாக அனுப்பிய தங்கக் கட்டிகள் 120, ஒவ்வொன்றும் இரண்டு தாலந்து, அதெல்லாம் அதில்தான் போயிற்று. அவர்களை அடக்கியவர் பிலிப், தன் வீரர்களின் தலையில் அப்பல்லோவின் இலை மாலையைச் சூட்டிப் போருக்கு அனுப்பியவர். கோயிலைக் காப்பாற்றியவன் என்ற பெயர், கிரேக்கன்தான் என்ற சான்று, இது என்னுடையது என்ற எழுத்து, மூன்றும் ஒரு பவுனுக்குள் அடங்கிவிட்டன. இதைவிடக் கச்சிதமான விளம்பரத்தை நான் பார்த்ததில்லை. சும்மா பார்ப்பதற்கான விளம்பரமும் இல்லை, எந்தக் கோட்டையானாலும் தங்கம் சுமந்த கழுதை ஏறிவிடும் என்று அவர் சொன்னதாக ஒரு கதை பழங்காலத்திலேயே உலவியது.

மகன் அலெக்சாண்டர் கி.மு. 334-இல் ஆசியாவுக்குக் கிளம்பியபோது கையில் 70 தாலந்து, கடன் 200 தாலந்து, சாப்பாடு முப்பது நாளைக்கு. நாலு வருடத்துக்குள் பாரசீகத் தலைநகரான சூசாவில் கட்டியாக 40,000 தாலந்துக்கு மேல் பொன்னும் வெள்ளியும், அதுபோக டாரிக் காசாகவே 9,000 தாலந்தும் அவர் கைக்கு வந்தது. பெர்சிபோலிஸில் 1,20,000 தாலந்து என்கிறார் டியோடோரஸ், அதைச் சுமக்கப் பத்தாயிரம் ஜோடிக் கோவேறு கழுதைகளும் ஐயாயிரம் ஒட்டகங்களும் தேவைப்பட்டன என்கிறார் புளூட்டார்க். எண்களில் கொஞ்சம் உப்பு புளி சேர்த்திருக்கலாம். ஆனால் தங்கத்தின் விலை சரிந்தது உண்மை. முன்பு ஒரு பங்கு தங்கத்துக்குப் பதிமூன்று பங்கு வெள்ளிக்கு மேல் இருந்தது, அந்தக் காலத்தில் பத்துக்கு இறங்கிவிட்டது.

பாரசீக மன்னர்கள் இதைப் பெட்டகத்தில் வைத்திருந்தார்கள், அலெக்சாண்டர் காசாக்கி வெளியே விட்டார். எப்படி விட்டார் என்பதற்கு அவர் படையெடுப்பின் வரலாற்றை எழுதிய அரியன் சொல்லும் ஒரு காட்சி போதும். கி.மு. 324, சூசா. வீரர்கள் எல்லோர் கடனையும் நானே அடைக்கிறேன், பெயரும் தொகையும் எழுதிக் கொடுங்கள் என்று அறிவிக்கிறார். ஒருவரும் வரவில்லை. யார் யார் ஊதாரி என்று கண்டுபிடிக்கத்தான் இந்தத் தந்திரம் என்று பயந்துவிட்டார்கள். பிறகு முகாமில் மேசைகளைப் போட்டு, மேலே பொன்னைக் குவித்து, கடன் பத்திரத்தைக் காட்டினால் போதும், பெயர் எழுத மாட்டோம் என்று சொன்ன பிறகுதான் வரிசையில் வந்தார்கள். மொத்தம் 20,000 தாலந்து ஆயிற்றாம். பணம் கிடைத்ததைவிடப் பெயர் தெரியாமல் போனதில்தான் அவர்களுக்குச் சந்தோஷம் என்கிறார். அதே வருடம் ஊருக்கு அனுப்பிய பத்தாயிரம் மூத்த வீரர்களுக்கு, சம்பளம் போக ஆளுக்கு ஒரு தாலந்து. இப்படித்தான் பாரசீகக் கஜானா கிரேக்கக் கிராமங்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

காசில் என்ன இருந்தது? தங்க ஸ்டேட்டரில் தலைப்பக்கம் தலைக்கவசம் போட்ட அதீனா. பின்பக்கம் சிறகு விரித்த வெற்றித் தேவதை, ஒரு கையில் மாலை, இன்னொரு கையில் சிலுவை மாதிரி ஒரு கம்பு. அது சிலுவை இல்லை, போர்க்கப்பலின் பின்புறத்தில் நிற்கும் கொடிக்கம்பம். பாரசீகத்தைக் கடலில் தோற்கடித்த பழைய சலாமிஸ் நினைவு என்று பலர் படிக்கிறார்கள். பழைய கணக்கைத் தீர்க்கப் போகிறோம் என்றுதானே படையெடுப்பையே தொடங்கினார்கள். அதில் அலெக்சாண்டரின் முகம் கிடையாது. பாரசீக மன்னன் காசில் தன் உருவத்தைப் போட்டான், அவனை ஜெயித்தவன் பெயரை மட்டும் போட்டான். சாமி இருக்கும் இடத்தில் மனிதன் உட்காரக் கூடாது என்ற கிரேக்கக் கூச்சம் அவரைக்கூடக் கட்டிப்போட்டிருந்தது, குறைந்தபட்சம் காசில்.

அந்தக் கூச்சம் அவர் செத்த பிறகு பத்து இருபது வருடத்தில் போய்விட்டது. அவருடைய தளபதிகள் யாருக்கும் அரச வம்சம் என்ற உரிமை இல்லை, அதனால் எல்லோருக்கும் அவர் முகம் தேவைப்பட்டது. லைசிமாக்கஸ் தன் காசில் ஆட்டுக்கொம்பு முளைத்த அலெக்சாண்டரைப் போட்டார். எகிப்தைப் பிடித்துக்கொண்ட தாலமி முதலில் யானைத்தோல் தரித்த அலெக்சாண்டரைப் போட்டுப் பார்த்தார், பிறகு தானே மன்னன் என்று அறிவித்துக்கொண்டதும் தங்க ஸ்டேட்டரில் தன் முகத்தையே ஏற்றிவிட்டார். பெரிய கண், புடைத்த நெற்றி, வளைந்த மோவாய், அழகுபடுத்த முயற்சியே இல்லை. பின்பக்கம் நான்கு யானை பூட்டிய தேரில் அலெக்சாண்டர். இருவரும் இடம் மாறிவிட்டார்கள் பாருங்கள், எஜமானன் பூப்பக்கத்துக்குப் போய்விட்டான்.

தங்கத்தை ஆட்சிக்கருவியாக முழுசாகப் பயன்படுத்தியது இந்தத் தாலமி வம்சம்தான் என்பது என் கட்சி. மற்ற வாரிசுகளுக்கு அது கட்டுப்படியாகவில்லை, ஆசியப் பகுதியை ஆண்ட செலூக்கஸ் வம்சத்தின் தங்கம் அரிதாகத்தான் கிடைக்கிறது. தாலமிகளுக்கு நூபியப் பக்கத்துப் பாலைவனத்தில் சொந்தச் சுரங்கம் இருந்தது. இரண்டாம் தாலமி தன் உடன்பிறந்த அக்கா ஆர்சினோயையே மணந்தார், அவள் இறந்த பிறகு அவளைத் தெய்வமாக்கி அவள் பெயரில் 27.8 கிராம் தங்கக் காசு அடித்தார், கிட்டத்தட்ட மூன்றரைப் பவுன். முக்காடு போட்ட முகம், பின்பக்கம் பழமும் தானியமும் வழியும் இரட்டைக் கொம்பு. காசு ஒன்றுக்கு 100 திராக்மா மதிப்பு, திராக்மா என்பது கிரேக்கர்களின் வெள்ளிக் காசுக் கணக்கு. இதைக் கொண்டுபோய்ச் சந்தையில் வெங்காயம் வாங்க முடியாது. பெரிய மனிதர்கள் கையில் கொடுப்பதற்கான காசு இது.

அப்புறம் எகிப்துக்குள் வெளிநாட்டுக் காசு செல்லாது என்று ஒரு விதி. வெளியே ஒரு நாலு திராக்மா வெள்ளிக் காசு 17 கிராமுக்கு மேல், எகிப்துக் காசோ 14 கிராம் சொச்சம். துறைமுகத்தில் இறங்கியதும் உங்கள் காசைக் கொடுத்துவிட்டு அவர்கள் காசை வாங்க வேண்டும், ஒன்றுக்கு ஒன்று. நம் நகைக்கடைச் சேதாரத்தை ஒரு அரசாங்கமே போட்டால் எப்படியிருக்கும், அதுதான். இதை உள்ளிருந்து பார்த்த ஒருவருடைய கடிதம் பாப்பிரஸில் கிடைத்திருக்கிறது. கி.மு. 258, நாணயச்சாலைப் பொறுப்பில் இருந்த டெமெட்ரியஸ் என்பவர் நிதியமைச்சர் அப்பல்லோனியஸுக்கு எழுதுகிறார். 57,000 தங்கக் காசு வாங்கிப் புதிதாக அடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், இதைப்போலப் பல மடங்கு வந்திருக்கும், ஆனால் கடல் வழியாக வரும் வெளியூர்க்காரர்களும் வியாபாரிகளும் கொண்டுவரும் நல்ல தங்கத்தை வாங்கவிடாமல் மேலே ஒருவர் தடுக்கிறார், யாரிடம் முறையிடுவது என்றும் தெரியவில்லை, வங்கியும் வாங்குவதில்லை, நாங்களும் வாங்குவதில்லை, உள்நாட்டுக்குப் போய்ச் சரக்கெடுக்கவும் அவர்களால் முடியவில்லை, பணம் சும்மா கிடக்கிறது என்று எல்லோரும் கத்துகிறார்கள். இதுதான் சாரம். இரண்டாயிரத்து முந்நூறு வருடம் பழைய கடிதம், நோட்டு செல்லாது என்று அறிவித்த வாரத்தில் வங்கி வாசலில் நின்றவர்களுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படாது.

அந்தத் தங்கம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் காசைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கி.மு. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அகதார்கிடிஸ் நூபிய எல்லைச் சுரங்கங்களைப் பற்றி எழுதியதை டியோடோரஸ் எடுத்துக் கொடுத்திருக்கிறார். குற்றவாளிகள், போர்க்கைதிகள், சில சமயம் அவர்கள் குடும்பத்தோடு. காலில் விலங்கு. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு உள்ளே உடைக்கிறார்கள், உடைந்த கல்லைச் சின்னப் பையன்கள் குகைக்குள் தவழ்ந்துபோய்ப் பொறுக்கி வருகிறார்கள், முப்பது வயதைத் தாண்டியவர்கள் அதை உரலில் இடிக்கிறார்கள், பெண்களும் கிழவர்களும் திரிகையில் போட்டு மாவாக அரைக்கிறார்கள். காவலுக்கு வேற்றுமொழி பேசும் சிப்பாய்களாகப் பார்த்து வைத்தார்கள், கைதி கெஞ்சினாலும் கொஞ்சினாலும் புரியக் கூடாது என்று. ஆர்சினோயின் முக்காட்டு மடிப்பை அவ்வளவு நுணுக்கமாகச் செதுக்கிய காசின் இன்னொரு முனை இது.

மேற்கே நடந்ததை வேகமாகச் சொல்கிறேன். பிலிப்பின் காசு கூலிப்படை வழியாக வடக்கே போய், கெல்டிக் இனத்தார் அதைப் பார்த்துப் பார்த்து அடிக்க, காலப்போக்கில் அப்பல்லோவின் தலையில் முடி மட்டும் மிஞ்சி முகம் காணாமல் போயிற்று, தேர் சிதறி ஒரு குதிரையும் சில புள்ளிகளுமாக ஆயிற்று. அந்த வரிசை பிரிட்டன் வரை போகிறது. ரோமாபுரிக்கும் அது போயிற்று, வேறு வழியில். கி.மு. 194-இல் ஃபிளமினினஸ் என்ற தளபதி மாசிடோனியாவை ஜெயித்து ஊர்வலம் விட்டபோது அதில் சுமந்து வந்த ‘பிலிப்’ தங்கக் காசு 14,514 என்று ரோம வரலாற்றாசிரியர் லிவி எண்ணிச் சொல்கிறார். அதே ஆள் கிரேக்கத்தில் இருந்தபோது அலெக்சாண்டர் காசின் வெற்றித் தேவதையை அப்படியே எடுத்துக்கொண்டு, அதீனா இருந்த இடத்தில் தன் முகத்தைப் போட்டுத் தங்கம் அடித்தார். தாடியும் கலைந்த தலையுமாக ஒரு ரோமன். சொந்த ஊரில் இப்படிச் செய்திருந்தால் தொலைத்திருப்பார்கள், அங்கே உயிரோடிருக்கும் ஒருவர் முகம் காசில் வர ஜூலியஸ் சீசர் வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது.

கிழக்கே பாக்ட்ரியாவில், இன்றைய ஆப்கானிஸ்தான் பக்கம், கதை இன்னும் சுவாரசியம். அங்கே செலூக்கஸ் வம்சத்தின் ஆளுநராக இருந்த டியோடோட்டஸ் கி.மு. 250 வாக்கில் மெல்ல மெல்லப் பிரிந்தார். தங்கக் காசில் பெயர் இன்னும் மேலிடத்து அரசன் ஆன்டியோக்கஸுடையது, முகமோ வேறு ஆளுடையது. கொஞ்ச நாளில் பெயரும் டியோடோட்டஸ் என்று மாறிவிட்டது. ஒரு மாகாணம் தனி நாடானதைத் தேதி போட்டு எழுதியவர் யாரும் இல்லை, இந்தக் காசுகளை வரிசையாக வைத்துத்தான் படிக்கிறோம்.

அதே நாட்டில் கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் யூக்ரடைடிஸ் அடித்ததுதான் பண்டைய உலகிலிருந்து நமக்குக் கிடைத்த தங்கக் காசுகளிலேயே பெரியது. 169 கிராம். 21 பவுன் ஒரே காசில். குறுக்களவு 58 மில்லிமீட்டர். புகாரா பக்கம் கிடைத்து, 1867-இல் மூன்றாம் நெப்போலியன் வாங்கி, இன்று பாரீஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. காளைக் கொம்பு வைத்த தலைக்கவசத்தோடு அரசன், பின்பக்கம் ஈட்டி நீட்டிப் பாயும் இரட்டைக் குதிரை வீரர்கள், ‘மாமன்னர் யூக்ரடைடிஸுடையது’ என்ற எழுத்து. இதில் வேடிக்கை, இவர் ஆட்சியைத் தட்டிப்பறித்தவர். உரிமை எவ்வளவு சந்தேகமோ காசு அவ்வளவு பெரிதாக இருக்கிறது. இந்தியாவிலிருந்து திரும்பும் வழியில் பெற்ற மகனே அவரைக் கொன்று, ரத்தத்தின் மேல் தேரை ஓட்டி, உடலைப் புதைக்காமல் போடச் சொன்னான் என்கிறார் லத்தீன் வரலாற்றாசிரியர் ஜஸ்டின். அதற்குப் பிறகு இந்தோ-கிரேக்க அரசர்கள் தங்கம் அடித்தது இல்லை என்றே சொல்லலாம், வெள்ளியும் செம்பும்தான். அந்தப் பக்கம் மறுபடி தாராளமாகத் தங்கக் காசு பார்க்க குஷாணர்கள் வர வேண்டியிருந்தது. கனிஷ்கர் தொடக்கத்தில் கிரேக்க மொழியிலேயே ‘மன்னர்க்கு மன்னர்’ என்று போட்டார், பிறகு மொழியை பாக்ட்ரியனுக்கு மாற்றினார், எழுத்தை மட்டும் கிரேக்கமாகவே வைத்துக்கொண்டார்.

சரி, உங்கள் இரண்டாவது கேள்வி. ‘பொன்னொடு வந்து கறியொடு பெயரும்’ என்று அகநானூறு சொல்லும் யவனர் கப்பலில் இருந்தது அலெக்சாண்டர் தங்கமா? இல்லை. யவனர் என்ற சொல் அயோனியக் கிரேக்கர் பெயரிலிருந்து வந்தது, மாலுமிகளிலும் வணிகர்களிலும் எகிப்துப் பக்கத்துக் கிரேக்க மொழிக்காரர்கள் நிறைய இருந்திருப்பார்கள், ஆனால் மிளகு வணிகம் பெரிதாக நடந்த காலத்தில் எகிப்து ரோமப் பேரரசின் கையில். இங்கே புதையலாகக் கிடைக்கும் தங்கம் ரோமக் காசு, அதுவும் கிட்டத்தட்ட ஒரு பவுன் எடைதான். 1898-இல் புதுக்கோட்டைப் பக்கம் ஒரே இடத்தில் 501 கிடைத்தது, எல்லாவற்றிலும் பேரரசர் குடும்பத்து முகங்கள். அவற்றில் பெரும்பாலானவற்றில் அந்த முகத்தின் குறுக்கே யாரோ உளியால் ஒரு வெட்டு வெட்டியிருக்கிறார்கள். தேய்ந்த காசு மறுபடி காசாகப் புழங்காமல் தங்கமாக மட்டும் நிற்கட்டும் என்று செய்தது என்பார்கள், உள்ளே மட்டம் இருக்கிறதா என்று பார்த்தது என்பாரும் உண்டு. காரணம் எதுவானாலும், வெட்டு ஏறக்குறைய எப்போதும் தலைப்பக்கத்தில்தான் விழுந்திருக்கிறது.